இருபத்து மூன்றே சிலிண்டர்

காலை பத்தே கால் மணிக்கு அந்த எரிவாயுக் கிணற்றுத் தளத்தின் கேட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்காக. பிரேக் பிடிக்காததால் கேட்டில் முட்டி ஓய்ந்தது என்பதே உண்மை.

முன்னால் இருந்து இறங்கியவர் மைத்துனர். பின்னால் இருந்து இறங்கியவர் அவருடைய அக்கா கணவர், துப்பறிவாளர். முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் மிரட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ‘நிதானம்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தும்மல் வந்தால்கூட அது தேவைதானா என்று யோசிப்பார். பாதித் தும்மல்கள் காத்திருந்து பார்த்து, மனம் வெறுத்துத் திரும்பிப் போய்விடும்.

“மூணு மணிக்குக் கையெழுத்து. ஞாபகம் இருக்கட்டும் அத்தான்” என்றார் மைத்துனர்.

நிதானம் அதையும் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

அந்தக் கையெழுத்தால் மாறவிருந்தது மைத்துனரின் சித்தப்பா மகளுடைய தலையெழுத்து. தளத்தில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர். சின்ன வயதிலேயே கணக்கில் புலி. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது மைத்துனர் ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது முறையாக இருந்தார். அவருடைய வீட்டுப் பாடத்தை அவள்தான் போட்டுக் கொடுப்பாள். நாலாவது வருடம் அவர் தேறிவிட்டார் என்றால் அந்தப் பெருமை முழுக்க அவளுக்கே சேரும்.

இங்கே அவளுக்கு வேலை, நைட்ரஜன் எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிடுவது. கிணற்றுக்குள் நானூறு மீட்டர் ஆழத்துக்கு இரும்புக் குழாய் இறக்கி அடியை சிமென்டால் மூடியிருந்தார்கள். கேசிங் என்பார்கள். அது எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க, வாயையும் மூடி நைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் ஐம்பது பார் வந்ததும் நிறுத்தி, ஒரு மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முள் இறங்காவிட்டால் குழாய் நல்ல குழாய். நைட்ரஜன் தீப்பிடிக்காது, இரும்பை அரிக்காது, எதனோடும் வம்புக்குப் போகாது. அலுவலகத்தில் சேர்ந்திருந்தால் இந்நேரம் மேலாளராகியிருக்கும்.

அங்கே மேலாளராக இருந்தவருக்கு இந்தக் குணங்கள் கிடையாது. அவரை ‘இஸ்திரி’ என்பார்கள். அவருடைய சட்டை மடிப்பில் ஒரு ஈ உட்கார்ந்து காலை அறுத்துக்கொண்டதாகத் தளத்தில் பேச்சு. ஈயை விசாரிக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் தொழிலாளர்கள் முன்னிலையில் கணக்கம்மா அவருடைய கூட்டலைத் திருத்தினாள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அவருக்கு நல்ல பசி. காரணம் இதுதான்: நாற்பத்தாறு சிலிண்டர் வேண்டும், கைகாவலுக்கு இரண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு என்று கணக்கம்மா வரவழைத்திருந்தாள். நேற்று சோதனை நடந்தது. இருபத்து மூன்றாவது சிலிண்டரிலேயே முள் ஐம்பதைத் தொட்டது. ஒரு மணி நேரம் அசையாமலும் நின்றது. இஸ்திரி உடனே உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பாதிக்குப் பாதி தப்பாக மதிப்பிடுகிறவரை அழுத்த வேலைக்குப் பக்கத்தில் விடக்கூடாது, உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்பது சாரம். முதலாளியம்மா மூன்று மணிக்கு வந்து கையெழுத்திடுவார். உரிமம் போனால் இந்தத் தளம் மட்டுமல்ல, எந்தத் தளத்திலும் தீயணைப்பு வாளியை எண்ணுவதற்குக்கூட அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

கணக்கம்மாவின் அலுவலகம் ஒரு பழைய கன்டெய்னர். உள்ளே மேசை, விசிறி, கசக்கிப் போட்ட காகிதங்கள். பதினோரு முறை திரும்பப் போட்டுப் பார்த்தாளாம். பதினோரு முறையும் நாற்பத்தாறுதான் வந்ததாம்.

“நான்தான் தப்போ அண்ணே?” என்று மைத்துனரைக் கேட்டாள். பதினோரு வருட அனுபவக்காரி ஒன்பதாம் வகுப்பு ஆசாமியிடம் கணக்குச் சந்தேகம் கேட்கிறாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவருக்குப் புரிந்தது.

“எனக்குத் தெரிஞ்சு நீ ஒரே ஒரு தடவைதான் தப்புப் பண்ணே. எனக்குப் பாஸ் மார்க் வாங்கிக் குடுத்தது” என்றார்.

நிதானம் அவளிடம் ஒரே கேள்வி கேட்டார். ஒரு சிலிண்டரைத் திறந்தால் கிணற்றில் அழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும்? ஆரம்பத்தில் சிலிண்டருக்கு ஒன்றேகால் பார், போகப் போகக் குறைந்து ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒன்றை விடக் கொஞ்சம் கம்மி என்று அவள் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். அவர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் ஒருபுறம் நிறைந்த சிலிண்டர்கள் இருபத்தைந்து. மறுபுறம் தீர்ந்தவை இருபத்து மூன்று. தீர்ந்த வரிசைப்படி தோளில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டிருந்தது. அங்கேயே இஸ்திரியும் நின்றார். யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று விசாரித்தார். கேட் திறந்திருந்தது என்றார் மைத்துனர். திறந்திருக்கவில்லையே என்றார் இஸ்திரி. இப்போது திறந்திருக்கிறது என்று மைத்துனர் பணிவோடு தெரிவித்தார்.

நடக்கிற நடையிலேயே மைத்துனருக்கு இரண்டு துப்புக் கிடைத்துவிட்டது. ஒன்று, முள் பொய் சொல்கிறது. இரண்டு, சிலிண்டரில் வழக்கத்தைவிட அதிகமாக அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். நிதானம் பையிலிருந்து தன்னுடைய பழைய அழுத்தமானியை எடுத்துக் கிணற்றின் தலையில் மாட்டினார். அதுவும் ஐம்பதுதான் காட்டியது. நிறைந்த சிலிண்டர்களில் மாட்டினார். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் இருநூறு. மைத்துனரின் இரண்டு துப்பும் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகின. பிறகு நிதானம் தீர்ந்த சிலிண்டர்களிடம் போய் ஒவ்வொன்றிலும் மாட்டத் தொடங்கினார்.

“காலி சிலிண்டர்ல என்ன அத்தான் இருக்கு? கழுவி வெச்ச பாத்திரத்தை மோந்து பாத்து நேத்து என்ன சமையல்னு கேக்கற மாதிரி இருக்கு.”

“கழுவலையே மச்சான். திறந்தா ரெண்டு பக்கமும் சமமாகற வரைக்கும்தான் ஓடும். சமமானப்போ கிணத்துல என்ன அழுத்தமோ அதேதான் இதுக்குள்ள மிச்சம் நிக்கும். அப்படியே மூடி வெச்சுட்டாங்க. இருபத்து மூணு சாட்சி. ஒருத்தரும் வாக்குமூலத்தை மாத்த மாட்டாங்க.”

முதல் சாட்சி இரண்டரை என்றது. இரண்டாவது ஐந்து. மூன்றாவது ஏழரைக்குக் கொஞ்சம் கீழே. மைத்துனர் முன்கையில் எழுதிக்கொண்டே வந்தார். படி ஏறுவது போல ஏறிக்கொண்டே போய்க் கடைசிச் சாட்சி ஐம்பதில் நின்றது. எழுத முன்கையில் இடம் தீர்ந்து முழங்கைக்கு மேலே போயிருந்தது.

ஒவ்வொரு படியும் கணக்கம்மா சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

மைத்துனர் பேனாவை மூடினார். இரண்டு மடங்கு ஏறுகிறது என்றால் குழாயின் கொள்ளளவு அவள் போட்டதில் பாதி என்றுதானே அர்த்தம்? அப்படியானால் இஸ்திரி எழுதியது சரி. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு ஒரு கணக்கு உடனே புரிந்தது. அது இந்தக் கணக்காக இருந்திருக்க வேண்டாம்.

“அவகிட்ட யார் சொல்றது?” என்றார்.

“எதை?”

“அவ தப்புன்னு.”

“கொள்ளளவு பாதின்னு சாட்சி சொல்லுது. கணக்குல பாதியா, கிணத்துல பாதியான்னு இன்னும் சொல்லலையே” என்றார் நிதானம்.

முற்றத்தில் மிச்சம் கிடந்த குழாய் ஒன்றின் வாயை டேப்பால் அளந்தார்கள். பதினாறு சென்டிமீட்டர், அவள் எழுதியிருந்தபடியே. குழாய்கள் வந்திறங்கிய பட்டியலைப் பார்த்தார்கள். பத்து மீட்டர் குழாய் நாற்பத்தொன்று வந்திருந்தது. ஒன்று முற்றத்தில். மற்ற நாற்பதும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிணற்றுக்குள் போனதைப் பார்த்தவர்கள் ஏழு பேர். குழாய் நானூறு மீட்டர்தான். நைட்ரஜன் மட்டும் இருநூறோடு திரும்பி வந்துவிட்டது.

“நடுவழியில யாரோ கதவைச் சாத்திட்டாங்க” என்றார் மைத்துனர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது துப்பு என்று அவருக்கே தெரிந்தது. நிதானம் அவரை முதுகில் தட்டினார். பன்னிரண்டு வருடத்தில் இது இரண்டாவது தட்டு. முதலாவது அவருக்குப் புரையேறியபோது.

கதவு எது என்று தேட வெகுநேரம் ஆகவில்லை. கயிற்றை இறக்கி ஏற்றும் விஞ்ச் இயந்திரத்தின் கொட்டகையில் ஓர் இரும்பு அலமாரி. அதன் மேல்தட்டில் விரல் கனத்துக்குத் தூசி. தூசியின் நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம், பதினாறு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. ரப்பர் அடைப்பான் இருந்த இடம். குழாயின் நடுவே எங்காவது மூட வேண்டுமென்றால் விஞ்ச் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். சுண்டினால் அதன் ஸ்பிரிங் விரிந்து ரப்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எப்போது எடுத்தார்கள் என்று பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.

விஞ்ச் ஓட்டுபவர் தேநீர்க் கொட்டகையில் இருந்தார். அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் கேட்டில் நுழைந்தால் சாயங்காலம் வெளியேறும் வரை வாய் ஓயாது. அவர் பேச்சைக் கேட்டு ஒருமுறை டீசல் இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது, தன்னுடைய சத்தம் எடுபடவில்லை என்று. அந்த மனிதர் அன்று தூசிக்கென்று வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை டீயில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். ஊறி விழுந்து டீயே கஞ்சியாகிவிட்டது. துண்டைச் சற்றே தூக்கி அதைத்தான் குடித்தார். மைத்துனர் வணக்கம் வைத்தார். தலையசைப்பு வந்தது. அடைப்பானைப் பற்றிக் கேட்டார். அதற்கும் தலையசைப்பு வந்தது, ஆமாமா இல்லையா என்று பிரிக்க முடியாத வகையில். இரண்டு நாளாக இப்படித்தான் என்றார் டீ போடுபவர். நிம்மதியாக இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது என்றார்.

மேலாளர் ஏதோ சொல்லி மிரட்டி வாயை அடைத்துவிட்டார் என்று மைத்துனர் முடிவு கட்டினார். நிதானம் கஞ்சியான டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு முதலாளியம்மா வந்தார். அறுபது வயது, ரப்பர் பூட்ஸ், பேச்சில் சுருக்கம். கிணற்றடியில் ஒரு மேசை போட்டுக் கடிதத்தை விரித்து வைத்திருந்தார் இஸ்திரி. கணக்கம்மா பக்கத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நிதானம் ஒரே ஒரு சிலிண்டரைத் திறக்க அனுமதி கேட்டார். கிணற்றில் இப்போது ஐம்பது. கிணறு நானூறு மீட்டர் என்றால் முள் ஒன்றுக்குள் ஏறும். இருநூறு என்றால் கிட்டத்தட்ட இரண்டு ஏறும். கடிதத்தைப் படிக்க ஆகும் நேரத்தைவிட இதற்குக் குறைவாகவே ஆகும் என்றார். முதலாளியம்மா ஏற்கெனவே இரண்டு பக்கம் படித்திருந்ததால் உடனே சம்மதித்தார்.

இருபத்து நாலாவது சிலிண்டர் திறந்தது. சீறல் அடங்கியது. எல்லோரும் குனிந்தார்கள். முள் ஐம்பத்தொன்றைத் தாண்டி ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில் நின்றது.

“உங்க கிணறு பாதியில மூடியிருக்கும்மா. நேத்து நீங்க பாஸ் போட்டது மேல் பாதிக்கு மட்டும்” என்றார் நிதானம்.

முதலாளியம்மா மெதுவாக இஸ்திரியின் பக்கம் திரும்பினார். அந்தச் சட்டையில் அன்றுதான் முதல் சுருக்கம் விழுந்தது. மைத்துனருக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்திருந்தது. குற்றவாளியின் கையைப் பிடிக்க ஒரு அடி முன்னால்கூட எடுத்து வைத்துவிட்டார்.

“அவர் இல்ல மச்சான். அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா பாதிக் கிணத்துக்கு முழுக் கடிதம் எழுதியிருக்க மாட்டார்” என்ற நிதானம், பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வறுத்த வேர்க்கடலை. முதலாளியம்மாவுக்கு நீட்டினார், எடுத்துக்கொண்டார். இஸ்திரிக்கு நீட்டினார், அவரும் எடுத்துக்கொண்டார். விஞ்ச் பக்கம் ஒதுங்கி நின்ற ரேடியோவுக்கு நீட்டினார். ரேடியோ இரண்டு கடலையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சாப்பிடுங்க” என்றார் நிதானம்.

ரேடியோ அவரைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

நடந்ததை அவரே சொன்னார். இரண்டு நாளாகத் தேக்கி வைத்த பேச்சு வேறு. நேற்று முன்தினம் கிணற்றின் வாயருகே குனிந்து வேலை பார்த்தபடி உதவியாளர்களுக்கு ஒரு நகைச்சுவை சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார். பல்செட் நானூறு மீட்டருக்குப் போய்விட்டது. கிணற்றுக்குள் எதையாவது போட்டவனுக்கு அன்றோடு சீட்டுக் கிழியும் என்பது தளத்துச் சட்டம். அதனால் மதிய இடைவேளையில் தனியாக வந்து, அடைப்பானின் அடியில் கிரீஸைக் கெட்டியாக அப்பி, பல்லை ஒட்டவைத்து மேலே எடுக்கலாமென்று இறக்கியிருக்கிறார். இருநூறாவது மீட்டரில் கயிறு சுண்டியது, ஸ்பிரிங் விரிந்தது, அடைப்பான் இறுகிவிட்டது. கயிற்றை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் வாயை மூடிக்கொண்டார்.

“கணக்கம்மா பேர் அடிபடும்னு நெனைக்கல தாயி. பல்லு போன அவமானத்துல எதுவும் ஓடல” என்று முடித்தார்.

கணக்கம்மா அவரைத் திட்டவில்லை. பதினோரு முறை போட்ட கணக்கில் பல்செட்டுக்கு ஓர் இடம் ஒதுக்கத் தோன்றவில்லையே என்று இருந்திருக்கும்.

ஆனால் இஸ்திரிக்கு உயிர் திரும்பியிருந்தது. சட்டையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டு ஒரு நியாயம் பேசினார். பாதிக் கிணறு இருபத்து மூன்று எடுத்தது என்பதால் முழுக் கிணறு நாற்பத்தாறுதான் எடுக்கும் என்று யார் சொன்னது? ஐம்பதோ அறுபதோ எடுத்தால்? அப்போதும் மதிப்பீடு தப்புதானே? முதலாளியம்மா யோசித்தார். அதுவும் சரிதான் என்றார். இருக்கிற சிலிண்டரில் முழுக் கிணறு ஐம்பதைத் தொட வேண்டும், தொடாவிட்டால் கடிதம் கடிதம்தான் என்று பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வரவழைத்தது நாற்பத்தெட்டு. இருபத்து நாலு தீர்ந்துவிட்டது. பாதிக் கிணற்றில் அழுத்தம் சீக்கிரம் ஏறியதால் அந்தச் சிலிண்டர்களுக்குள் வழக்கத்தைவிட அதிகமாக நைட்ரஜன் மிஞ்சிவிட்டது; அதை ஈடுகட்டக் கைகாவல் இரண்டும் வேண்டியிருந்தது.

“உள்ள இருக்கறதை வெளிய விடாதீங்க” என்றாள் கணக்கம்மா. அன்று அவள் குரல் முதல் முறையாகக் குரலாக இருந்தது. “அதைக் கீழ் பாதிக்குத் திறந்து விடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

கிணற்றின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வால்வு. நடுவில் ஓர் இரும்புக் கம்பியை வைத்து, மேல் வால்வை மூடி, கீழ் வால்வைத் திறந்தார் ரேடியோ. கம்பி இருட்டுக்குள் விழுந்தது. அடைப்பானின் நடு ஊசியில் போய் இடித்தால் அதிலுள்ள சின்னத் துவாரம் திறந்துகொள்ளும். சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முள் இறங்கத் தொடங்கியது. நாற்பது, முப்பது, இருபத்தெட்டு. இருபத்தாறில் நின்றது. சரிபாதி.

அடுத்து சிலிண்டர்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முள் ஒன்றும் சில்லறையுமாக நகர்ந்தது. மைத்துனர் சத்தமாக எண்ணினார். முப்பதுக்கு மேல் சத்தம் குறைந்தது, நாற்பதுக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. நாற்பத்தேழாவதில் முள் நாற்பத்தெட்டுக்கு மேலே. நாற்பத்தெட்டாவது, கடைசி. சீறியது, அடங்கியது.

முள் நாற்பத்தொன்பதில் நின்றது.

இஸ்திரி மரியாதையாக இருமினார். முதலாளியம்மா பேனா மூடியைக் கழற்றினார். மைத்துனர் முள்ளை விரலால் தட்டிப் பார்க்கப் போனார். நிதானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பத்து நிமிஷம் குடுங்கம்மா” என்றாள் கணக்கம்மா. “சிலிண்டர்லேருந்து சீறி வர்ற வாயு சில்லுன்னு வரும். அடியில பூமி சூடா இருக்கு, நேத்து வாயு அங்க வரைக்கும் போகவே இல்ல. நான் அந்தச் சூட்டுக்கும் சேத்துதான் கணக்குப் போட்டிருக்கேன்.”

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ரேடியோகூடப் பேசவில்லை, அதுவும் பேச முடிந்த நிலையில். மூன்றாவது நிமிடத்தில் முள் அசைந்த மாதிரி இருந்தது. ஆறாவது நிமிடத்தில் மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், நாற்பத்தொன்பதரை. யாரும் தொடாத முள், எதையும் திறக்காத கிணறு, தானாக ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் ஐம்பதைத் தொட்டு நின்றது. அதன் பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தது. முழுக் குழாயும் நல்ல குழாய்.

முதலாளியம்மா நாலு பக்கக் கடிதத்தை நாலாக மடித்து இஸ்திரியின் கையில் கொடுத்துவிட்டுப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். மதிப்பீடு எவ்வளவு, ஆனது எவ்வளவு என்று மேலாளரே தன் கையால் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இஸ்திரி சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. கணக்கம்மா தன்னுடையதை நீட்டினாள்.

“எழுத்துலயே எழுதிடுங்க சார்” என்றாள். “எண்ணுல எழுதினா யாராவது பாதியாக்கிடுவாங்க.”